மப்பில் அளந்த வயலும் கந்தோரில் தொலைந்த றூட்டும்

கிளிநொச்சிப் பக்கம் ஒரு வயல் காணியின் பரப்பைக் கணினியில் அளந்து, படத்தோடு அச்செடுத்துக் கொடுக்க வேண்டியிருந்தது. அளக்கிற வேலை சுகமாக முடிந்தது. அலைய வைத்தது கந்தோர்க் கணக்கு.

காணியின் பழைய நில அளவைப் படத்தில் 2-1-15.5 என்று இருக்கிறது. எங்கள் அச்சில் 2.35 ஏக்கர். உத்தியோகத்தர் படத்தில் அந்த 1 இல் விரலை வைத்து, கல்குலேட்டரையும் ஒருக்கால் தட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, இது ரெண்டு தசம் ஒண்டு. நீங்கள் கால் ஏக்கர் கூட்டிப் போட்டிருக்கிறியள்" என்று தாளைத் திருப்பித் தந்துவிட்டார். "ஐயா, அது றூட்" என்றால், "கம்பியூட்டர் அப்பிடித்தான் பிழை விடும்" என்கிறார். காணி விஷயம் பார்க்கிற மேசையில் இருந்துகொண்டு றூட் தெரியாது என்றால் ஆரிட்டைப் போய்ச் சொல்ல?

படத்தில் இருக்கிற மூன்று எண்ணும் முறையே ஏக்கர், றூட், பேர்ச். 40 பேர்ச் ஒரு றூட், 4 றூட் ஒரு ஏக்கர். ஆகவே 2-1-15.5 என்பது 320 + 40 + 15.5, அதாவது 375.5 பேர்ச். 160 ஆல் பிரித்தால் 2.347 ஏக்கர். ஒரு பேர்ச் 25.29 சதுர மீற்றர், சதுர அடியில் 272.25. அப்படிப் பார்த்தால் இந்தக் காணி ஏறத்தாழ 9,500 சதுர மீற்றர், 0.95 ஹெக்டேயர். மப் தருவது சதுர மீற்றரில், காணி உறுதியில் இருப்பது ஏக்கர்-றூட்-பேர்ச்சில், படிவம் கேட்பது சில வேளை ஹெக்டேயரில். தசம ஏக்கரை மட்டும் எழுதிக்கொண்டு போகவே வேண்டாம். மொத்தப் பேர்ச்சை முதலில் எழுதி, மற்ற அலகுகளை அதே வரியில் போடுங்கள். அடுத்த முறை அப்படி எழுதிக் கொண்டுபோன தாளை அதே உத்தியோகத்தர் ஒரு கதையும் இல்லாமல் எடுத்து வைத்தார்.

இனி அளவை. கூகிள் மப்பைக் கணினியில் திறந்து வலது கிளிக் செய்து தூர அளவையைத் தெரிவுசெய்தால், மூலை மூலையாகக் கிளிக் செய்து கடைசியில் முதல் புள்ளியிலேயே முடிக்க வேண்டும். அப்போதுதான் பரப்பு வரும். போன் செயலியில் தூரம் மட்டும்தான். போனிலேயே பரப்பு வேண்டுமென்றால் கூகிள் ஏர்த் செயலி. என்னைக் கேட்டால் கணினியில் கூகிள் ஏர்த் புரோ. காசில்லை, பழைய படங்களுக்கும் போகலாம். அளக்கத் தொடங்க முன் 'யூ' விசையை ஒருக்கால் அழுத்துங்கள், பார்வை நேர் மேலிருந்து விழும். சரிந்த பார்வையில் கிளிக் செய்தால் மூலை எங்கோ போய் நிற்கும்.

பழைய படம் ஏன் முக்கியம் என்றால், எங்கள் பக்கத்து வரம்பு எல்லா மாதமும் தெரியாது. காலபோகப் பயிர் முட்டி நிற்கிற தை மாதப் படத்தில் முழு வெளியும் ஒரே பச்சை. அறுவடை முடிந்த பிறகோ, உழுது தண்ணீர் கட்டி நிற்கும்போதோ எடுத்த படத்தைத் தேடுங்கள். வரம்பு கோடு கோடாகத் தெரியும். இடம்பெயர்வுக்குப் பிறகு பற்றை மண்டிக் கிடந்த காணி என்றால், பற்றைக்கு முந்திய படம் அல்லது துப்புரவாக்கிய பிறகு வந்த படம். குளத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இரணைமடுவை ஆவணியில் அளந்தால் ஒரு கணக்கு, மாரியில் அளந்தால் இன்னொரு கணக்கு. அணைக்கட்டு அசையாது, மேல்பக்க நீர்க்கரை மாதத்துக்கு மாதம் நடக்கும். ஆகவே எந்தத் திகதிப் படம் என்பதைத் தாளில் கட்டாயம் எழுத வேண்டும்.

பிழை அதிகம் வருவது வரம்பில்தான். இந்த அளவு காணியில் பக்கத்துக்குப் பக்கம் ஒரு மீற்றர் வெளியே தள்ளிக் கிளிக் செய்தால் ஏறத்தாழ 390 சதுர மீற்றர் கூடும். 15 பேர்ச்சுக்கு மேல்! வாய்க்கால் ஓரத்துப் பெருவரம்பு அகலமானது. அதன் உள்விளிம்பா, நடுவா, வெளிவிளிம்பா என்று முதலே முடிவெடுத்து எல்லாப் பக்கமும் அதையே பிடியுங்கள். எல்லையில் பனை நின்றால் மேலே தெரிகிற ஓலை வட்டைப் பார்த்துக் கிளிக் செய்யக் கூடாது. உயரமான மரம் படத்தில் சாய்ந்து விழும். அடியைத் தேடுங்கள்.

செய்மதிப் படம் நிலத்தில் சில மீற்றர் தள்ளி விழுந்திருப்பதும் உண்டு. காணி முழுவதும் ஒன்றாகத் தள்ளியிருந்தால் பரப்பு மாறாது. இரண்டு மூலையைப் போனோடு நடந்து எடுத்து, மிச்ச இரண்டைப் படத்தில் குத்தினால்தான் காணி கோணலாகிவிடும். எடுத்தால் நாலும் ஒரே வழியில்.

கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருள் பாவிப்பவர்களுக்கு ஒரு பொறி: பின்னணியில் இணைய வரைபடத்தைப் போட்டதும் திட்டம் 3857 என்ற இணைய வரைபட எறியத்துக்கு (உருண்டைப் பூமியைத் தட்டையாக விரிக்கிற முறைக்கு) போய்விடும். அதில் தட்டையான கணக்கை எடுத்தால் எங்கள் அகலாங்கில் தூரம் திசையைப் பொறுத்து 1.3 முதல் 2 வீதம் வரையும் பரப்பு ஏறத்தாழ 3.4 வீதமும் ஊதும். 10 ஏக்கர் வயல் ஏறத்தாழ 10.34 ஏக்கராகிவிடும். அளவைக் கருவியில் நீள்கோளக் (Ellipsoidal) கணக்கைத் தெரிவுசெய்யுங்கள், அல்லது திட்டத்தை இலங்கைக் கட்டமான 5235க்கு மாற்றுங்கள்.

வாய்க்காலின் நீளம் அளப்பவர்கள் வளைவுக்கு வளைவு புள்ளி வைக்க வேண்டும். புள்ளி குறைந்தால் கோடு வளைவை வெட்டிக்கொண்டு போகும். நீளம் குறைந்துதான் வரும், கூடி வராது. ஏ9 போல நேராகக் கிடக்கிற வீதிக்கு இந்தக் கரைச்சல் இல்லை.

எல்லைப் பிணக்கு, காணி விற்பனை என்று வந்தால் இந்த அளவு ஒன்றுக்கும் உதவாது, உரிமம் பெற்ற நில அளவையாளரைப் பிடிக்க வேண்டியதுதான். கூகிள் மப்பில் எடுத்த அளவு பக்கத்தை மூடியதும் போய்விடும். கூகிள் ஏர்த்தில் பல்கோணமாக வரைந்து கே.எம்.எல். கோப்பாகச் சேமித்து வையுங்கள். தாள் திரும்பி வந்தால் ஒரு மூலையை மட்டும் நகர்த்தித் திரும்ப அச்செடுக்கலாம்.