லைமாவின் கடைசி நீராவி என்ஜின்

நிக்கல் பிளேட் ரயில் நிறுவனத்தின் 779ஆம் எண் என்ஜின் படத்தை இன்று வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு பெரிய சக்கரமும் 69 அங்குலம், கிட்டத்தட்ட ஆளுயரம்! அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்து லைமா தொழிற்சாலை 1949 மே மாதம் கட்டிய கடைசி நீராவி என்ஜின் இதுதான்.

லைமாக்காரர்கள் டீசலைத் தாமதமாகத்தான் தொட்டார்கள். 1947இல் டீசல் எஞ்சின் செய்யும் ஹாமில்டன் ஊர் ஜெனரல் மெஷினரி நிறுவனத்தோடு இணைந்தார்கள். மின்சாதனங்களோ வெஸ்டிங்ஹவுஸிடமிருந்து. டீசல் ரயில் என்ஜினில் ஜெனரல் மோட்டார்ஸ் அதற்குள் எங்கோ முன்னால் போய்விட்டது. கொதிகலனுக்குத் தகடு வளைத்து ரிவெட் அடித்துப் பழகிய கைகளுக்கு அங்கே என்ன வேலை? அதுதான் எனக்கு ஆறவே இல்லை.

175 டீசல் என்ஜின்கள், அவ்வளவுதான். 1950இல் பால்ட்வின் என்ற இன்னொரு ரயில் என்ஜின் நிறுவனத்தோடு இணைப்பு, அடுத்த வருடமே லைமா டீசல் நின்றது. அப்புறம் 1956இல் பால்ட்வினும் ரயில் என்ஜின் கட்டுவதை விட்டது.

779 இன்றும் லைமா ஊர்ப் பூங்காவில் நிற்கிறது.