335 வாட்ல மீதி எங்க போச்சு?

மாடியில நானே சோலார் போடப் போறேன்னு வீட்ல சொன்னப்ப ஒருத்தரும் எதிர்க்கல, அப்பவே எனக்கு சந்தேகம் வந்திருக்கணும். அம்மா மட்டும் "துணிக்கொடி கட்டியிருக்கற இடத்த விட்டுட்டு எங்க வேணா போட்டுக்கோ"ன்னாங்க. அத நான் காதுலயே வாங்கல. அந்த கதைக்கு பின்னாடி வரேன்.

நாலு வாரம் தூக்கத்த கெடுத்து வீடியோ பாத்து, 335 வாட் பேனல் ஒண்ணு, 12 வோல்ட் 150 ஏஎச் டியூபுலர் பேட்டரி ஒண்ணு, இன்வர்ட்டர், பேனல்ல இருந்து பேட்டரிக்கு போற கரண்ட கட்டுப்படுத்தற சார்ஜ் கன்ட்ரோலர்னு எல்லாத்தையும் கொண்டுவந்து இறக்கிட்டேன். கன்ட்ரோலர்ல பிடபிள்யூஎம், எம்பிபிடின்னு ரெண்டு வகை, ரெண்டாவது வெல ஜாஸ்தி. ரெண்டும் பேட்டரிய சார்ஜ் தான பண்ணுது, போதாததுக்கு பிடபிள்யூஎம் அட்டப்பெட்டி மேலயே 50 வோல்ட் வரைக்கும் தாங்கும்னு போட்டிருக்கு, நம்ம பேனல் லோடு இல்லாதப்ப குடுக்கறதே 46 வோல்ட் தான், அப்புறம் எதுக்கு தண்ட செலவுன்னு வெல கம்மியானத எடுத்துட்டேன். அன்னைக்கு என்னைய விட புத்திசாலி யாருமே இல்ல.

மாட்டுற அன்னைக்கு மச்சான் ஒத்தாசைக்கு வந்தான். பேனல் வயர எடுத்து நேரா கன்ட்ரோலர்ல சொருகப் போனேன், "மாமா, மொதல்ல பேட்டரி, அப்புறம் தான் பேனல், கழட்டும்போது மொதல்ல பேனல்"னு கைய புடிச்சிட்டான். பேட்டரி இல்லாம பேனல மட்டும் குடுத்தா கன்ட்ரோலருக்கு அது 12 வோல்ட் சிஸ்டமா 24 வோல்ட் சிஸ்டமான்னே புரியாது, சில மாடல் புகைஞ்சே போயிடுமாம். உனக்கு எப்படிடா தெரியும்னேன். அட்டப்பெட்டிக்குள்ள இருந்த புக்க காட்டுனான். நாலு வாரம் வீடியோ பாத்தவன் ரெண்டு பக்கம் புக்க படிக்கல.

உச்சி வெயில், மேகம் ஒண்ணு கூட இல்ல. டிஸ்ப்ளேய பாத்தா 9 ஆம்பியர், 13 வோல்ட். பெருக்குனா 117 வாட். 335 எங்க, 117 எங்க? மீட்டர் தப்பா காட்டுதுன்னு முடிவு பண்ணி வயர கவ்வி ஆம்பியர் அளக்கற கிளாம்ப் மீட்டர் ஒண்ணு இரவல் வாங்கி மாட்டுனா பூஜ்யம் காட்டுது. இருந்ததும் போச்சேன்னு தலையில கைய வச்சு உக்காந்துட்டேன். கடைசில அது ஏசி, அதாவது வீட்டு லைன்ல வர்ற கரண்ட மட்டும் அளக்கற கிளாம்ப் மீட்டராம், பேனல்ல இருந்து வர்றது டிசி.

அப்புறம் தான் மச்சான் விளக்குனான். பேனல் அதோட முழு பவர குடுக்கறது 38 வோல்ட்ல, 8.8 ஆம்பியர். நான் வாங்கின பிடபிள்யூஎம் ஒரு வேகமான சுவிட்ச், அவ்ளோ தான், பேனல நேரா பேட்டரியோட கட்டிவிட்டுடும். பேட்டரி 13 வோல்ட்ல நின்னா பேனலும் 13க்கு எறங்கி வந்தாகணும், ஆம்பியர் மட்டும் அதே 9. மிச்ச 25 வோல்ட் யாருக்கும் இல்ல. எம்பிபிடியா இருந்தா 38 வோல்ட்ட கீழ எறக்கி அதுக்கு தக்கன ஆம்பியர ஏத்திக் குடுக்கும். "மாமா, நீங்க முழு பேனல வாங்கி மூணுல ஒரு பங்கு பேனல மாட்டி வச்சிருக்கீங்க"ன்னான்.

ராத்திரி தூக்கம் வராம இன்னொரு கணக்கு போட்டேன், போட்டிருக்கவே கூடாது. பேனல் கிட்டத்தட்ட 2 சதுர மீட்டர், நல்ல வெயில்ல சதுர மீட்டருக்கு 1000 வாட்னா மொத்தம் 2000 வாட் பேனல் மேல விழுது, நான் எடுக்கறது 117, அதாவது 6 சதவீதம். 1954ல பெல் லேப்ஸ்காரங்க உருப்படியான முதல் சிலிக்கான் சோலார் செல்ல காட்டுனப்ப அதோட திறனும் அதே 6 சதவீதம் தான். புது பேனல வாங்கி ஒரே நாள்ல 1954க்கு கொண்டுபோய் விட்ட ஆள் நானா தான் இருப்பேன்.

சரின்னு எம்பிபிடி வாங்கி மாட்டுனேன். 260 வாட். இப்பவும் 335 இல்ல, ஆனா இதுக்கு காரணம் நான் இல்ல, வெயிலு. லேபிள்ல இருக்கற 335 செல்லோட சூடு 25 டிகிரியில இருக்கும்போது லேப்ல அளந்தது. மாடியில செல்லு 65 டிகிரி போகுது, ஒவ்வொரு டிகிரிக்கும் சுமாரா 0.4 சதவீதம் கொறையும், அப்படியே 16 சதவீதம் காலி. சூரியன் வேணும் ஆனா சூடு ஆகாதுன்னு அடம் புடிக்கற சாமான். ஒரு நாள் நடு மதியம் குளுகுளுன்னு இருக்கட்டும்னு தண்ணி ஊத்தப் போனேன், காய்ஞ்ச கண்ணாடிடா வெடிச்சு தொலைக்கப்போகுதுன்னு அம்மா பக்கெட்ட புடுங்கிட்டாங்க. அவங்க சொன்னதும் சரி தான், இப்ப காலையிலயே கழுவிடறேன்.

அப்புறம் துணிக்கொடி. திடீர்னு ஒரு மத்தியானம் 260ல இருந்த மீட்டர் 40க்கு விழுந்துடுச்சு. மேகமே இல்ல. வயர் எல்லாம் இழுத்து பாத்தேன், ஸ்க்ரூ எல்லாம் முறுக்கி பாத்தேன், ஃபியூஸ கழட்டி மாட்டுனேன். கடைசில மாடிக்கு போனா காய வச்ச போர்வையோட நிழல் பேனலோட அடி வரிசையில ஒரு சாண் அகலத்துக்கு விழுந்திருக்கு. ஒரு சாண் நிழலுக்கு ஒரு சாண் கரண்ட் தான போகணும்? அப்படி இல்லையாம். உள்ள 72 செல்லும் சரமா கோத்தது, 24 செல்லுக்கு ஒரு பைபாஸ் டயோடு (படுத்த பகுதிய சுத்தி கரண்ட போக விடற சாமான்)னு மூணு பகுதி. சரத்துல ஒரு செல்லு படுத்தா அந்த பகுதியே படுத்துடும். நம்ம அதிர்ஷ்டத்துக்கு அடி வரிசை மூணு பகுதியையும் தொடுது. மூணும் ஒட்டுக்கா படுத்துடுச்சு. அம்மாகிட்ட போர்வைய நகத்த சொன்னேன். "நான் முப்பது வருஷமா இங்க தான் காயப்போடறேன், உன் பொட்டிய நகத்து"ன்னாங்க. பொட்டி நகந்துச்சு. நாலு போல்ட், ஒரு ஞாயித்துக்கிழம, ஒரு முதுகு வலி.

இதுக்குள்ள எனக்கு ஒரு வியாதி வந்துடுச்சு. நாள் பூரா கணக்கு பாத்தா ஒரு யூனிட், அதாவது 1000 வாட் ஹவர் சொச்சம் வருது, பேட்டரியில 12 வோல்ட்ட 150 ஏஎச்சால பெருக்குனா முழுசா 1800 வாட் ஹவர், ஆனா பாதிக்கு கீழ எறக்குனா ஆயுசு கொறையும்னு 900 தான் நமக்கு. அந்த 900க்கு நான் வாட்ச்மேன். ஃபேன எவன்டா மூணுல வச்சது, பாத்ரூம்ல லைட் எதுக்கு எரியுதுன்னு வீடு பூரா சுத்துறேன். வீட்டுக்காரி அயர்ன் பாக்ஸ் சொருகுனா இன்வர்ட்டர் கத்துறதுக்கு முன்னாடி நான் கத்துவேன். 1000 வாட்டுங்க அது, 12 வோல்ட்ல 80 ஆம்பியருக்கு மேல!

அப்படி தேடித்தேடி கடைசில பெரிய திருடன புடிச்சேன், அது இன்வர்ட்டரே தான். ஒரு லைட் கூட எரியாதப்பவும் சும்மா ஆன்ல இருக்கறதுக்கே 20 வாட் குடிக்குது. 24 மணி நேரத்துக்கு 480 வாட் ஹவர், என்னோட 900ல பாதிக்கு மேல இவனுக்கே சரி. விடுவேனா, அன்னைல இருந்து ராத்திரி படுக்கப்போகும்போது இன்வர்ட்டர ஆஃப் பண்ணிட்டு போக ஆரம்பிச்சேன், லைன் கரண்ட் தான் இருக்கே, காலையில பேட்டரி நெறஞ்சு நிக்கறத பாத்தா அப்படி ஒரு சந்தோஷம்.

போன வாரம் ராத்திரி ரெண்டு மணிக்கு கரண்ட் போச்சு. ஃபேன் நின்னுச்சு. பக்கத்து வீட்ல, எதிர் வீட்ல எல்லாம் சாதா இன்வர்ட்டர் வச்சிருக்கவங்களுக்கு லைட் எரியுது, தெருவுலயே இருட்டா இருக்கற வீடு மாடியில சோலார் வச்சிருக்கற வீடு. போன எடுத்தா 2 சதவீதம், டார்ச் போட்டதும் அதுவும் அணைஞ்சிடுச்சு. மெழுகுவர்த்திய தேடி ஏத்தி, மாடிப்படிக்கு கீழ போய், பேட்டரி ஸ்டாண்ட்ல கால் சுண்டு விரல இடிச்சுக்கிட்டு நொண்டிக்கிட்டு நிக்கறேன், பின்னாடி இருந்து வீட்டுக்காரி குரல்:

"ஏங்க, பேட்டரி பக்கத்துல நெருப்ப கொண்டுபோகக் கூடாது, கேஸ் வரும்னு நீங்க தான போர்டு எழுதி ஒட்டுனீங்க?"

ஊதி அணைச்சிட்டேன்.