கேட்டால்தான் கிடைக்கும் கவுன்சிலிங்

மதுரை டவுனுக்குள் நான் விசாரித்த இடங்களில் ஒரு தடவை கவுன்சிலிங்குக்கு ஆயிரம் ரூபாய்க்குக் குறைந்து யாரும் சொல்லவில்லை. நான் ஜவுளிக்கடையில் சேலை மடிக்கிறவள். ஒரு இடத்தில் பணத்தைக் கட்டிவிட்டு உள்ளே போனால், அந்த அம்மா போனைப் பார்த்துக்கொண்டே "பாசிட்டிவா நினைங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அதோடு அந்தப் பக்கம் போவதை விட்டேன்.

எனக்கு இருந்தது இதுதான்: ராத்திரி தூக்கம் கிடையாது, சோறு இறங்காது, கஸ்டமரிடம் பேசிக்கொண்டிருக்கும்போதே அழுகை வரும். அம்மா பாண்டி கோயிலுக்குக் கூட்டிப் போனார். போனேன், திருநீறு பூசிக்கொண்டேன், அங்கே உட்கார்ந்திருந்த நேரம் நிம்மதியாகத்தான் இருந்தது, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் விடியற்காலை முழிப்பு மட்டும் நிற்கவில்லை.

கடையில் கூட வேலை பார்க்கும் அக்காதான் 14416 நம்பரைக் கொடுத்தார். டெலி மனஸ் என்று 2022 அக்டோபரில் ஆரம்பித்த அரசு மனநல போன் சேவை, இலவசம், தமிழிலேயே பேசலாம், எந்த நேரமும் கூப்பிடலாம். மொட்டை மாடியில் நின்று பேசினேன். எடுத்தவர் அவசரப்படுத்தாமல் கேட்டுவிட்டு, கடைசியில் எந்தத் தாலுகா என்று கேட்டார். மாவட்ட மனநலத் திட்டம் என்று ஒன்று இருக்கிறது, மனநல டாக்டரும் சைக்காலஜிஸ்ட்டும் சேர்ந்த குழு, அவர்கள் முறை வைத்து தாலுகா ஆஸ்பத்திரிகளுக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் வருவார்கள் என்று அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

சரி என்று எங்கள் பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போய், சீட்டு எழுதுகிற இடத்தில் "மனசு சரியில்லை" என்றேன். பொது டாக்டரிடம் அனுப்பினார்கள், அவர் சத்து மாத்திரை எழுதினார். வெளியே வந்து நர்ஸ் அக்காவிடம் "மாவட்ட மனநல டாக்டர் எந்தக் கிழமை வருவார்?" என்று கேட்டேன், உடனே கிழமையைச் சொன்னார். அதற்கு ஒரு போர்டும் கிடையாது. அந்தக் கேள்வியை அப்படியே கேளுங்கள், சுற்றி வளைக்க வேண்டாம்.

அந்தக் கிழமை போனால் வலிப்புக்கு மாத்திரை வாங்குகிறவர்கள், குடியை நிறுத்த வந்தவர்கள் என்று பெஞ்சு நிறைய ஆள். எங்கள் தெரு அத்தை ஒருவர் சுகர் மாத்திரைக்கு வந்தவர் என்னைப் பார்த்துவிட்டார். "தலைவலி அத்தை" என்றேன், "வெயில் அப்படி" என்று போய்விட்டார். எல்லா வியாதிக்கும் ஒரே வாசல் என்பதில் இப்படி ஒரு வசதி இருக்கிறது.

நர்ஸ் ஒரு தாளை வைத்துக்கொண்டு, கடந்த 2 வாரத்தில் தூக்கம் எப்படி, பசி எப்படி, வாழ்ந்து என்ன என்று தோன்றியதா என்று வரிசையாகக் கேட்டார். டாக்டர் முதலில் தைராய்டு பார்க்கச் சொன்னார், அதுவும் இப்படிச் சோர்வைக் கொடுக்குமாம். பிறகு மாத்திரை எழுதி, பலன் தெரிய இரண்டு மூன்று வாரம் ஆகும், நடுவில் நீங்களாக நிறுத்தாதீர்கள் என்றார். அவ்வளவுதான், அடுத்த ஆள். இங்கேதான் நிறைய பேர் எழுந்து வந்துவிடுகிறார்கள். நான் "டாக்டர், எனக்குப் பேசணும்" என்றேன். சைக்காலஜிஸ்ட்டிடம் அனுப்பினார்.

பழைய பீரோக்களும் உடைந்த தராசும் கிடந்த அறை. அரை மணி நேரத்துக்கு மேலேயே பேசினார். வீட்டில் சொல்லிவிடுவீர்களா என்று கேட்டதற்கு, 2017 மனநலச் சட்டப்படி நோயாளி சொன்னதை ரகசியமாக வைக்க வேண்டும் என்றார். விடியற்காலை முழித்தால் படுக்கையிலேயே புரளாமல் எழுந்துவிட வேண்டும், எத்தனை மணிக்குப் படுத்தேன், எப்போது முழித்தேன் என்று நோட்டில் குறிக்க வேண்டும் என்று வேலை கொடுத்தார். அந்த நோட்டு எரிச்சலாக இருந்தது, ஆனால் மாத்திரையை விட அதுதான் எனக்கு உதவியது என்று நினைக்கிறேன்.

கிழமை வரைக்கும் காத்திருக்க முடியாத நிலை என்றால் நேராக மதுரைப் பெரியாஸ்பத்திரிக்கு, அதாவது அரசு ராஜாஜி ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். கோரிப்பாளையத்தில் இறங்கினால் பக்கம், மனநலத்துக்குத் தனிப் பிரிவே இருக்கிறது. கூட்டம் இருக்கும், காலையிலேயே போய் சீட்டு வாங்க வேண்டும்.

டாக்டருக்கும் சரி, சைக்காலஜிஸ்ட்டுக்கும் சரி, மாத்திரைக்கும் சரி, ஒரு பைசா வாங்கவில்லை. பஸ்ஸும் மகளிர் இலவசம். குறை என்றால், எனக்குப் பார்த்த சைக்காலஜிஸ்ட் இடையில் மாறிப் போய்விட்டார். புதிதாக வந்த பெண்ணிடம் முதலிலிருந்து சொல்ல வேண்டுமே என்று சலிப்பாக இருந்தது, ஆனால் முன்னவர் என் நோட்டிலேயே எழுதி வைத்திருந்ததால் பாதிக் கதை மிச்சம். அதனால் நோட்டைத் தொலைக்காதீர்கள், கிளம்புவதற்கு முன் டாக்டர் வருகிறாரா என்று ஒரு போன் போட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள், கிழமை மாறிவிடும்.