சிங்கர் கேட்ட கதை

ஸ்ரீரங்கத்தில் தாயார் சன்னிதிக்குப் போகிற அவசரத்தில் பலரும் கவனிக்காமல் கடந்துவிடுகிற நாலுகால் மண்டபம் ஒன்று உண்டு. கம்பர் இராமாயணத்தை அரங்கேற்றிய இடம் என்கிறார்கள். நாங்கள் போனபோது ஒரு குடும்பம் அங்கே உட்கார்ந்து, தொன்னையிலிருந்த சர்க்கரைப் பொங்கலைப் பிள்ளைகளுக்குப் பங்கு வைத்துக்கொண்டிருந்தது. எதிரே படியேறினால் மேட்டழகிய சிங்கர், அதாவது நரசிம்மர் சன்னிதி.

வால்மீகி சொல்லாத இரணியன் கதையைக் கம்பர் யுத்த காண்டத்தில் ஒரு படலமாகவே பாடிவிட்டார். அது எப்படிச் சரி என்று பண்டிதர்கள் மடக்கினார்களாம். கம்பர் அந்தப் பாடல்களைப் படிக்க, சிங்கரே சிரித்துத் தலையசைத்து ஒப்புக்கொண்டார் என்பது கோயிலில் வழிவழியாகச் சொல்லும் கதை. அரங்கேற்றம் பங்குனி மாத அத்த நட்சத்திரத்தில் நடந்ததாக ஒரு தனிப்பாடல் இருக்கிறது. அது தரும் சகாப்தம் 807, அதாவது கி.பி. 885. ஆய்வாளர்களில் பலர் கம்பரை 12-ஆம் நூற்றாண்டில் வைக்கிறார்கள். அந்த வழக்கு இருக்கட்டும்.

படியில் உட்கார்ந்து அந்தப் படலத்தைப் புரட்டினேன். 'சாணினும் உளன்' என்று தொடங்கி, அணுவை நூறாக்கிய கூறிலும் மேருவிலும் இந்தத் தூணிலும் இருக்கிறான் என்று அடுக்குகிற பிரகலாதன், 'நீ சொன்ன சொல்லினும் உளன்' என்கிறான். இல்லை என்று அப்பா சொன்ன அந்தச் சொல்லிலும்! பிள்ளை வாதத்தை அங்கேயே ஜெயித்துவிட்டான்; தூண் பிளந்தது அப்புறம்தான். 'திசை திறந்து, அண்டம் கீறிச் சிரித்தது அச் செங்கட் சீயம்' என்பதைக் கொஞ்சம் உரக்கவே படித்துவிட்டேன். பொங்கல் சாப்பிட்ட பையன் திரும்பிப் பார்த்தான்.

கம்பர் இந்தக் கதையை விபீஷணன் வாயில் வைத்ததுதான் எனக்கு அதைவிடப் பெரிய விஷயமாகப் படுகிறது. அண்ணன் திருந்தட்டும் என்று அவன் சொல்கிறான். இராவணனோ, தகப்பன் மார்பு பிளக்கப்பட்டதைப் பார்த்து மகிழ்ந்த அந்தப் பிள்ளைக்கு நீதான் சரியான ஜோடி என்று தம்பியையே தூற்றுகிறான். கதை ஒன்றுதான், கேட்கிற காது வேறு. அந்த விபீஷணன் இலங்கைக்குக் கொண்டுபோன வழியில் காவிரிக் கரையிலேயே தங்கிவிட்டவர் நம் அரங்கர் என்கிறது தல புராணம். அவனுக்காகவே தெற்கு நோக்கிப் பள்ளிகொண்டிருக்கிறார். அவன் சொன்ன கதையை இந்த ஊரில் வைத்துத் தடுக்கப் பார்த்தார்களே, அந்தப் பண்டிதர்கள்!