ரூட் செய்த போனில் செய்து பார்த்தவை

இரண்டாவது போனாக வைத்திருக்கும் ஓர் ஆண்ட்ராய்டை ரூட் செய்து, அதாவது சிஸ்டத்தில் எதையும் மாற்றும் உரிமையை எடுத்துக்கொண்டு, சில மாதங்களாக ஒவ்வொன்றாகச் செய்து பார்த்துவருகிறேன். எனக்கு வேண்டியிருந்தவை மூன்று. சார்ஜ் 80 சதவீதத்தில் நிற்க வேண்டும், எந்தச் செயலி இணையத்துக்குப் போகலாம் என்பதை நான் முடிவு செய்ய வேண்டும், செயலிகளின் தரவை நானே முழுதாக பேக்கப் எடுக்க வேண்டும். மூன்றும் கிடைத்துவிட்டன. அதுவரை போன் தானாகப் பார்த்துக்கொண்ட காவல் வேலையும் சேர்ந்து என் தலையில் விழுந்தது.

ஆண்ட்ராய்டின் அடியில் ஓடுவது லினக்ஸ் கெர்னல், அதாவது வன்பொருளையும் செயலிகளையும் நிர்வகிக்கும் மைய நிரல். லினக்ஸில் ஒரே கணினியைப் பல பயனர்கள் பயன்படுத்தலாம். ஒருவருடைய கோப்பில் இன்னொருவர் கைவைக்க முடியாது. ஆண்ட்ராய்டு இந்த ஏற்பாட்டை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு செயலியையும் ஒரு தனிப் பயனராக நடத்துகிறது. நிறுவும்போதே செயலிக்கு 10000-இலிருந்து தொடங்கும் வரிசையில் ஓர் எண் கிடைத்துவிடும். 0 என்ற எண்தான் ரூட், எல்லா அதிகாரமும் உள்ள பயனர். போனின் உள்வேலைகள் சில அந்த எண்ணில்தான் ஓடுகின்றன. போனை வாங்கியவருக்கு மட்டும் அது கொடுக்கப்படுவதில்லை.

முதல் படி, போன் எழும்போது சிஸ்டத்தை ஏற்றும் பூட்லோடர் என்ற நிரலின் பூட்டைத் திறப்பது. அமைப்புகளில் பில்டு எண்ணை ஏழு முறை தட்டினால் டெவலப்பர் பகுதி வரும், அதில் ஓஇஎம் அன்லாக்கை இயக்கி, கணினியோடு இணைத்து ஃபாஸ்ட்பூட் என்ற கருவி வழியாகக் கட்டளை கொடுக்க வேண்டும். கொடுத்ததும் போனில் இருக்கும் எல்லாத் தரவும் அழிந்துவிடும். இதைப் பலரும் தொல்லையாகத்தான் பார்க்கிறார்கள். எனக்கு இது நல்ல ஏற்பாடாகவே படுகிறது. அழிக்காமல் திறக்க முடிந்தால், போனைத் திருடியவனும் அதே கட்டளையைக் கொடுத்து, தன் இஷ்டத்துக்கு ஒரு சிஸ்டத்தை ஏற்றி, நம் படங்களையும் கடிதங்களையும் எடுக்க வழிதேடுவான். திறந்த பிறகு ஒவ்வொரு முறை போனை இயக்கும்போதும் ஓர் எச்சரிக்கைத் திரை வருகிறது. அதுவும் இருக்கட்டும், தேவையான எச்சரிக்கைதான்.

அடுத்தது மேஜிஸ்க். ரூட் அதிகாரத்தைக் கொடுத்து நிர்வகிக்க ஜான் வூ 2016-இல் வெளியிட்ட கருவி. போனில் ஓடும் அதே பதிப்பின் பூட் இமேஜை (போன் எழத் தேவையான கெர்னல் முதலியவை உள்ள கோப்பு) எடுத்து, மேஜிஸ்க்கிடம் கொடுத்து மாற்றி, திரும்பப் போனில் எழுத (ஃப்ளாஷ் செய்ய) வேண்டும். ஆண்ட்ராய்டு 13-உடன் விற்பனைக்கு வந்த போன்களில் பெரும்பாலும் இனிட்பூட் என்ற வேறொரு இமேஜை மாற்ற வேண்டியிருக்கும். சிஸ்டம் பகுதியை மேஜிஸ்க் தொடுவதில்லை. தொட்டால், ஒவ்வொரு துண்டையும் சரிபார்க்கும் வெரிஃபைடு பூட் கண்டுபிடித்து போனை எழவிடாது. மாற்றாத மூல இமேஜைக் கணினியில் பத்திரமாக வைத்திருப்பது கட்டாயம். ஏதாவது ஆனால் திரும்பி வர அதுதான் வழி.

முன்பெல்லாம் ஒரு பொத்தானைத் தொட்டால் ரூட் கொடுக்கும் செயலிகள் இருந்தன. 2014-இல் வந்த டவல்ரூட், கெர்னலில் இருந்த ஒரு பாதுகாப்பு ஓட்டையை வைத்துத்தான் வேலை செய்தது. வசதிதான், ஆனால் அதே ஓட்டை வழியாக எந்தத் தீய செயலியும் நம்மைக் கேட்காமலே ரூட் ஆகியிருக்கலாம். பூட்லோடர் வழி நீளமானது என்றாலும், ஒவ்வொரு படியிலும் போன் கையில் இருப்பவரின் சம்மதத்தைக் கேட்கிறது.

சரி, ரூட் வந்தாயிற்று. நான் முதலில் போய்ப் பார்த்தது செயலிகளின் தனிக் கோப்புறைகளை. இந்தப் பொழுதுபோக்கில் எனக்கு அதிகம் கற்றுத் தந்த இடம் இதுதான். ஒவ்வொரு செயலிக்கும் அங்கே ஓர் அறை இருக்கிறது. உள்ளே அமைப்புகளுக்கு எக்ஸ்எம்எல் கோப்புகள், தரவுக்கு எஸ்க்யூலைட் கோப்புகள். ஒரு குறிப்பேட்டுச் செயலி கைரேகை வைத்தால்தான் பூட்டிய குறிப்பைத் திரையில் காட்டும். அதன் எஸ்க்யூலைட் கோப்பைத் திறந்தேன். நான் பூட்டி வைத்திருந்த குறிப்பு, எழுத்துப் பிசகாமல், குறியாக்கம் எதுவும் இல்லாமல் அப்படியே ஒரு வரிசையில் கிடந்தது. திரைக்கு மட்டும்தான் பூட்டு. இன்னொரு செயலியின் எக்ஸ்எம்எல் கோப்பில், உள்நுழைந்ததற்கான டோக்கன் ஒரு நீளமான எழுத்துச் சரமாக இருந்தது. இத்தகைய டோக்கனை வேறு கருவிக்கு எடுத்துப் போனால், சர்வர் கூடுதலாக எதையும் சரிபார்க்காத பட்சத்தில், கடவுச்சொல் இல்லாமலே கணக்குக்குள் போய்விடலாம்.

என் தரவு எப்படி வைக்கப்பட்டிருக்கிறது என்பதை என்னாலேயே பார்க்க முடிந்ததில் எனக்கு உண்மையான சந்தோஷம். அந்தக் குறிப்பேட்டை அன்றே நீக்கிவிட்டேன். ஆனால் என்னால் படிக்க முடிந்த அதே கோப்பை, நான் ரூட் அனுமதி கொடுக்கும் எந்தச் செயலியும் படிக்கும். ஒரு செயலி ரூட் கேட்டால் மேஜிஸ்க் ஒரு சின்னப் பெட்டியைக் காட்டுகிறது. மறு, அனுமதி என்று இரண்டு பொத்தான்கள், மறுப்பதன் பக்கத்தில் இறங்கிக்கொண்டே வரும் நொடிக் கணக்கு. ஒன்றும் செய்யாமல் விட்டால் மறுத்ததாக எடுத்துக்கொள்ளும். கேமராவுக்கு மட்டும், இருப்பிடத்துக்கு மட்டும் என்று பிரித்துக் கொடுக்கும் அனுமதி இல்லை இது. சாதாரணமாகக் கொடுத்தால் எல்லாவற்றுக்கும் சேர்த்தே கொடுக்கிறோம். இப்போது அந்தப் பெட்டி வந்தால் கணக்கு முடியும்வரை விட்டுவிட்டு, அந்தச் செயலிக்கு எதற்கு ரூட் என்று தேடிப் படித்த பிறகுதான் திரும்பப் போகிறேன்.

ரூட்டுக்கும் எட்டாத ஒன்று உண்டு. பிராசஸருக்குள் தனியாக ஒதுக்கப்பட்ட பாதுகாப்புப் பகுதியில் உருவாகும் சாவிகளை வெளியே எடுக்க முடியாது. தரவை அந்தச் சாவியால் குறியாக்கம் செய்து வைக்கும் செயலிகளின் கோப்புகளைத் திறந்தால் அர்த்தமில்லாத பைட்டுகள்தான் தெரிகின்றன. செயலியை எழுதியவர்கள் அக்கறை எடுத்தார்களா என்று அங்கேயே தெரிந்துவிடுகிறது.

சார்ஜ் விஷயம் சுலபமாக முடிந்தது. பேட்டரி பற்றிய எல்லாவற்றையும் கெர்னல் சின்னச் சின்னக் கோப்புகளாகக் காட்டுகிறது; ஒன்றில் வெப்பநிலை, ஒன்றில் மின்னழுத்தம், ஒன்றில் ஓடும் மின்னோட்டம். சில கோப்புகளில் நாம் எழுதவும் செய்யலாம். ஏசிசி என்ற கருவி அதைத்தான் செய்கிறது. 80-இல் நிறுத்தி 70-க்கு இறங்கினால் மீண்டும் தொடங்கச் சொல்லியிருக்கிறேன். லித்தியம் அயான் பேட்டரி முழுச் சார்ஜில் உயர் மின்னழுத்தத்தோடு நெடுநேரம் இருந்தால் சீக்கிரம் தேயும். புதிய போன்கள் பலவற்றில் இந்த வசதி அமைப்புகளிலேயே வந்துவிட்டதால், இதற்காக மட்டும் யாரும் ரூட் செய்ய வேண்டாம்.

செயலிகளின் இணையத்தைக் கட்டுப்படுத்தும் ஃபயர்வாலுக்கு ஏஎஃப்வால் என்ற செயலி. செயலிக்கு ஓர் எண் என்று மேலே சொன்னேனே, அந்த எண்ணை வைத்துத்தான் இது கெர்னலிடம் இன்னார் போகலாம், இன்னார் கூடாது என்று விதி எழுதுகிறது. ரூட் இல்லாமலும் இதைச் செய்யலாம். அந்தச் செயலிகள் போனுக்குள்ளேயே ஒரு போலி விபிஎன் (இணையப் போக்குவரத்தைத் தன் வழியாக அனுப்பும் இணைப்பு) உருவாக்கும். ஆண்ட்ராய்டு ஒரு நேரத்தில் ஒரு விபிஎன்னைத்தான் விடும் என்பதால் உண்மையான விபிஎன் வேண்டுபவர்களுக்கு அது சிக்கல். ஏஎஃப்வாலில் அந்தப் பிரச்சினை இல்லை. கால்குலேட்டருக்கு இணையம் எதற்கு? வெட்டிவிட்டேன். அது நன்றாகவே கணக்குப் போடுகிறது.

மாதப் பாதுகாப்பு அப்டேட் வந்தபோதுதான் பாடுபட்டேன். மேஜிஸ்க்கில் மூல இமேஜைத் திரும்ப வைத்து, அப்டேட்டை இறக்கி, மறுதொடக்கம் செய்யாமல், செயலில் இல்லாத ஸ்லாட்டில் (சிஸ்டத்தின் இரண்டு பிரதிகளில் அப்போது ஓடாதது) மேஜிஸ்க்கை நிறுவி, அப்புறம்தான் மறுதொடக்கம். இந்த வரிசையில் செய்தும், மேஜிஸ்க்கில் ஏற்றியிருந்த ஒரு மாட்யூல் (கூடுதல் நிரல்) புதிய பதிப்போடு ஒத்துப்போகாமல் போன் லோகோவிலேயே சுற்றிக்கொண்டிருந்தது. சேஃப் மோடில் எழுப்பினால் மேஜிஸ்க் எல்லா மாட்யூல்களையும் முடக்கிவிடும். அப்படித்தான் மீண்டு வந்தது. இந்த வேலைக்குச் சலித்துக்கொண்டு அப்டேட்டையே தள்ளிப்போடுபவர்கள் நிறையப் பேர். ரூட்டில் எனக்குப் பெரிய ஆபத்தாகத் தெரிவது அதுதான். தெரிந்த ஓட்டைகள் அடைபடாமலே கிடக்கும்.

வங்கிச் செயலிகள் பல இந்தப் போனில் ஓடாது. போனை நம்பலாமா என்று செயலிகளுக்குச் சொல்லும் கூகுளின் ப்ளே இன்டெக்ரிட்டி சேவை, பூட்லோடர் பூட்டியிருக்கிறதா என்பதை வன்பொருள் அளவிலேயே கேட்டுச் சொல்லிவிடுகிறது. அதை ஏமாற்ற மாட்யூல்கள் இருக்கின்றன. இன்று வேலை செய்யும், அடுத்த மாதம் செய்யாது. நான் அந்தப் பக்கமே போகவில்லை. வங்கியை நம்ப வைப்பதற்காக, முகம் தெரியாத ஒருவர் எழுதிய நிரலை ரூட் உரிமையோடு போனில் ஓடவிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. சில போன்களில் வீடியோவை நகலெடுக்காமல் காக்கும் வைட்வைனின் நிலை எல்1-இலிருந்து எல்3-க்கு இறங்கி, கட்டண வீடியோக்களின் தரமும் குறையும். சாம்சங் போன்களில் மாற்றிய இமேஜ் ஓடினால் நாக்ஸ் என்ற பாதுகாப்பு அமைப்பின் ஃப்யூஸ் நிரந்தரமாக எரிந்துவிடும். பழைய மென்பொருளைத் திரும்ப ஏற்றினாலும் தனிக் கோப்புகளைப் பூட்டி வைக்கும் செக்யூர் ஃபோல்டர் போன்றவை திரும்பி வராது. எந்த போனாக இருந்தாலும், மாற்றிய பூட் இமேஜோடு பூட்லோடரைத் திரும்பப் பூட்டக் கூடாது. அது எழவே எழாமல் போகலாம்.

போன் தொலைந்தால்? தரவு குறியாக்கத்தில்தான் இருக்கிறது, பின் எண் தெரியாமல் படிக்க முடியாது. கவலை வேறு இடத்தில். பூட்லோடர் திறந்த போனை யாராவது சிறிது நேரம் எடுத்துப்போய், பூட் இமேஜில் எதையாவது செருகிவிட்டுத் திரும்ப வைத்தால், நாம் அடுத்து இடும் பின் எண் அவர் கைக்குப் போகும். அதனால் இந்தப் போனை யாரிடமும் கொடுத்துவிட்டு வருவதில்லை.

முன்பே நிறுவப்பட்ட செயலிகளை நீக்க மட்டும் ரூட் செய்ய நினைப்பவர்கள் கணினியிலிருந்து போனுக்குக் கொடுக்கும் ஏடிபி கட்டளையையோ, அதே உரிமையைச் செயலிகளுக்குக் கொடுக்கும் ஷிசுகுவையோ முதலில் பாருங்கள். அந்த வேலைக்கு அதுவே பெரும்பாலும் போதும். பூட்லோடரைத் தொடவே வேண்டாம்.

இப்போது ரூட் அனுமதி இருப்பது ஏசிசி, ஏஎஃப்வால், பேக்கப்புக்கான நியோ பேக்கப் ஆகிய மூன்றுக்கு மட்டும். மூன்றும் மூலநிரல் திறந்தவை. பணம் சம்பந்தப்பட்ட எல்லாம் பூட்லோடர் பூட்டிய இன்னொரு போனில். அடுத்து, மேஜிஸ்க்குக்கு மாற்றான கெர்னல்எஸ்யூவை முயல எண்ணம். அதில் அனுமதி கொடுக்கும் வேலையைக் கெர்னலே செய்கிறது. அனுமதி பெற்ற செயலிக்கும் எவ்வளவு அதிகாரம் என்று அளந்து கொடுக்கலாம் என்கிறார்கள். அந்த அளவுகோல் எனக்கு வேண்டும். பேக்கப்பை ஒருமுறை திரும்ப ஏற்றிச் சரிபார்த்துவிட்டுத் தொடங்குவேன்.