அப்பத்தாவிடம் கற்ற பிள்ளையார் நோன்பு

திருக்கார்த்திகையில் தொடங்கி 21ஆம் நாள் நிறைவுபெறும் பிள்ளையார் நோன்பு, நாட்டுக்கோட்டைச் செட்டியார் எனப்படும் நகரத்தார் குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாக நடந்துவருகிறது. அன்று மாலை, மாவில் பிடித்த பிள்ளையாரில் திரியைச் செருகி, நெய்யில் ஏற்றி, எரிகிற சுடரோடு அப்படியே வாயிலிட்டுக்கொள்வதை ‘இழை எடுத்துக்கொள்வது’ என்போம். நினைவு தெரிந்த நாளிலிருந்து நான் இழை எடுத்து வந்தாலும், அதற்கான வேலைகளை முறையாகக் கற்றது திருமணத்துக்குப் பிறகு, காரைக்குடிப் பக்கத்திலுள்ள எங்கள் வீட்டில் அப்பத்தாவின் அருகில் உட்கார்ந்துதான்.

அப்பத்தா முதலில் சொல்லிக்கொடுத்தது நாள் பார்க்கும் முறை. மார்கழி வளர்பிறைச் சஷ்டியும் சதய நட்சத்திரமும் கூடும் நாளே நோன்பு நாள். பஞ்சாங்கம் பார்க்காமலே அவர் விரல்விட்டு எண்ணுவார். நட்சத்திர வரிசையில் கார்த்திகை 3ஆவது, சதயம் 24ஆவது, இடையே 21. பௌர்ணமியிலிருந்து அமாவாசைக்கு 15 திதி, அதன் பிறகு சஷ்டிக்கு 6, அதுவும் 21. திதியும் நட்சத்திரமும் இரண்டு வழியாக வந்து ஒரே நாளில் சந்திக்கும்படி நாள் குறித்த முன்னோரின் கணக்கை அவர் சொல்லக் கேட்டபோது, எனக்கு இந்த நோன்பின் மேல் இருந்த மதிப்பு பல மடங்கு கூடியது. நாழிகைக் கணக்கில் சில ஆண்டுகள் சிறிது முன்பின்னாகும் என்பதால், கடைசியில் பஞ்சாங்கத்தையும் பார்த்துக்கொள்ளச் சொல்வார்.

அடுத்தது திரி. புதிய கோடி வேட்டியிலிருந்து ஒரு நாளைக்கு ஒன்றாக 21 நூலிழைகளை எடுத்துச் சேர்த்து ஒரு திரியாக்க வேண்டும். வேட்டியின் ஓரத்தை லேசாகப் பிரித்து, ஒரு நூலின் நுனியை நகத்தால் நெருடி எடுத்து, அறுந்துவிடாமல் மெல்ல இழுத்து உருவுவார் அப்பத்தா. நான் அவசரப்பட்டால், “இழுக்காதே ஆத்தா, அதுவா வரும்” என்பார். 21 இழைகளும் சேர்ந்த பிறகு அவற்றை ஒன்றாகப் பிடித்து, தொடையில் வைத்து உள்ளங்கையால் ஒரே பக்கமாக உருட்ட வேண்டும். முறுக்கு தளர்ந்திருந்தால் திரி பிரிந்து சுடர் பரவும். இறுகிவிட்டால் நெய் ஏறாது. வீட்டில் எத்தனை பேரோ அத்தனை திரி. எங்கள் வீட்டில் கருவுற்றிருக்கும் பெண்ணுக்கு, வயிற்றிலுள்ள பிள்ளைக்கும் சேர்த்து இன்னொரு திரி திரிப்பார்கள். பிறப்பதற்கு முன்பே ஓர் உயிரைக் குடும்பத்தின் கணக்கில் சேர்த்துக்கொள்ளும் இந்த வழக்கத்தைவிட அன்பான ஒன்றை நான் வேறெங்கும் கண்டதில்லை.

பச்சரிசியை ஊறவைத்து, நிழலில் ஈரம் போக உலர்த்தி, இடித்துச் சலித்த மாவில் வெல்லமும் நெய்யும் சேர்த்துப் பிசைவதே இழை மாவு. அளவு கேட்டால் அப்பத்தா சொல்லமாட்டார். என் கையைப் பிடித்து மாவில் வைத்து அழுத்துவார். பிடித்த பிள்ளையார் விரிசலின்றி நிற்க வேண்டும், வாயில் இட்டதும் கரைய வேண்டும். நெல், அவல், சோளம், கம்பு, எள் என ஐந்து பொரியும் ஆவாரம்பூவும் படைப்பில் இடம்பெறும்.

காவிரிப்பூம்பட்டினத்துக் காலத்தில் கடலில் புயலில் சிக்கிய வணிகர்கள், நாள் கணக்குத் தப்பாதிருக்க வேட்டியிலிருந்து தினம் ஒரு நூலை எடுத்துவைத்து, கரை சேர்ந்ததும் கையிலிருந்த மாவில் பிள்ளையார் பிடித்து அந்த நூலையே திரியாக ஏற்றினார்கள் என்பது அப்பத்தா சொல்லும் கதை. அதோடு நிறுத்தாமல் தன் சின்ன வயதுக்கும் வந்துவிடுவார். அவருடைய அப்பச்சி, அதாவது தந்தை, பர்மாவுக்குக் ‘கொண்டு விற்க’, அதாவது கடல்கடந்து தொழில் செய்யப் போனவர். போனால் மூன்று ஆண்டுக் கணக்கு முடித்துத்தான் திரும்புவார்கள். 1942இல் ஜப்பானியர் பர்மாவைப் பிடிக்கும்வரை வளவில், அதாவது உறவுக் குடும்பங்கள் சேர்ந்து வாழும் பெரிய வீட்டில், ஆண்கள் இல்லாத மார்கழிகளே அதிகம் என்றும், அந்த ஆண்டுகளில் வீட்டின் மூத்த பெண்ணே பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி இழை கொடுத்தார் என்றும் அவர் சொல்லியிருக்கிறார். வணிகத்தின் வரலாற்றை எழுதியவர்கள் வட்டியையும் வயலையும் கணக்கிட்டார்கள். ஊரில் இருந்து வழக்கத்தைக் காப்பாற்றிய இந்தப் பெண்களின் பங்கையும் அதே அக்கறையோடு எழுதியிருக்க வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

இப்போது சிங்கப்பூர், மலேசியா, அமெரிக்கா என்று எங்கும் நகரத்தார் ஒன்றுகூடி இழை எடுக்கிறார்கள். பிள்ளைகள் தம் வயதொத்தவர்களோடு நோன்பைக் காண அது நல்ல வாய்ப்பு. ஆயினும் திரியை மட்டுமாவது வீட்டில் பெரியவர்களோடு உட்கார்ந்து திரித்து எடுத்துச் செல்லுங்கள் என்று என் உறவினர்களிடம் சொல்லிவருகிறேன்.

வேட்டி வாங்கும்போது ஒன்றைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். இன்று கடைகளில் பாலியெஸ்டர் கலந்த வேட்டிகள் நிறைய வருகின்றன. அந்த நூல் தீயில் உருகி ஒட்டிக்கொள்ளும், சுடரோடு வாயிலிட அது ஏற்றதே அல்ல. அப்பத்தா ஒரு நூலை உருவி விளக்கில் காட்டிப் பார்ப்பார். சாம்பலாக உதிர்ந்தால் பருத்தி. உருண்டு கெட்டியானால் வேட்டியை மடித்து ஒதுக்கிவிட்டு வேறொன்று வாங்கிவரச் சொல்வார்.