விடைப்புத்தகம் விழுங்கிய கழித்தல் குறி

+1 மைக்ரோகூலூம், +4 மைக்ரோகூலூம் (மைக்ரோகூலூம் என்பது மின்னூட்டத்தின் அலகு) என்று இரண்டு புள்ளி மின்துகள்கள் 30 செ.மீ. இடைவெளியில் இருக்கின்றன. எதையும் பொருத்தி வைக்கவில்லை. மூன்றாவது துகளை எங்கே, எவ்வளவு மின்னூட்டத்துடன் வைத்தால் மூன்றும் சமநிலையில் நிற்கும்?

சிறிய துகளிலிருந்து 10 செ.மீ., 4/9 மைக்ரோகூலூம் என்றது விடைப்புத்தகம். எனக்கு வந்ததோ −4/9. அந்த ஒரு சிறு கோட்டால் ஒரு மாலைப்பொழுதே பாழாயிற்று. சந்தேகம் கேட்கப் போன இடத்தில், "எண் சரியாகத்தானே இருக்கிறது, குறியை விடுங்கள்" என்றார்கள். எப்படி விடுவது? ஏற்கெனவே ஒன்றையொன்று விலக்கும் இரண்டுக்கும் நடுவே இன்னொரு நேர்க்குறித் துகளை வைத்தால், அது இரண்டையும் மேலும் வெளியேதான் தள்ளும். சமநிலைக்கு வழியே இல்லை. இன்னும் எரிச்சலாகத்தான் இருக்கிறது.

இடம் கண்டுபிடிப்பது எளிது. விசை தொலைவின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் இருப்பதால், நான்கு மடங்கு மின்னூட்டம் இரண்டு மடங்கு தள்ளி இருக்க வேண்டும்: 10, 20.

பலர் இத்துடன் நின்றுவிடுகிறார்கள். நடுத்துகளுக்கு மட்டும் சமன்பாடு எழுதினால் அதன் மின்னூட்டம் இருபுறமும் அடிபட்டுப் போகும். எந்த மதிப்பும் பொருந்துவதுபோல் தெரியும். மின்னூட்டம் வேண்டுமென்றால் ஓரத்துத் துகளுக்கு எழுதுங்கள். குறி அங்கே தானாக வரும்.

விடைப்புத்தகத்தை நம்பாமல் சரிபார்க்க, சென்டிமீட்டரை மீட்டராக்கி, கூலூம் விதியின் மாறிலிக்கு 9 × 10⁹ போட்டு ஒவ்வொரு சோடியாகக் கணக்கிட்டேன். +1க்கும் +4க்கும் இடையே 0.4 நியூட்டன் விலக்கம். நடுத்துகளுக்கும் +1க்கும் இடையே 0.4 நியூட்டன் ஈர்ப்பு. +4உடனும் அதே 0.4! எந்தத் துகளை எடுத்தாலும் இரு எதிர்த்திசைகளில் 0.4. அதைப் பார்த்த பிறகுதான் மனம் ஆறியது.

இந்தச் சமநிலை நிலைத்து நிற்காது என்பதையும் விடைப்புத்தகம் சொல்லவில்லை. நடுத்துகளை +1 பக்கம் இம்மியளவு நகர்த்தினாலும் அந்தப் பக்க ஈர்ப்பு ஓங்கி, அதை அப்படியே இழுத்துக்கொள்ளும்.

இருபடிச் சமன்பாடாக விரித்துப் போடுகிறவர்களுக்கு −30 என்று, அதாவது +1க்கு வெளிப்புறம் 30 செ.மீ. தள்ளி, இன்னொரு தீர்வும் வரும். அங்கே இரு விசைகளும் அளவில் சமம், ஆனால் ஒரே திசை. இந்தக் கணக்குக்கு உதவாது. ஆனால் கேள்வியில் +4க்குப் பதில் −4 என்று இருந்தால், விடையே அதுதான்: +1க்கு வெளிப்புறம் 30 செ.மீ. தள்ளி, −4 மைக்ரோகூலூம்.